ஒரு தாயின் கேள்வியும் ஈரலின் நொதியமும்

1934-ம் ஆண்டில், நோர்வே நாட்டுத் தாயொருத்தி அறிவு வளர்ச்சி குன்றிய தன் இரு குழந்தைகளையும் அஸ்பியோர்ன் பொலிங் என்னும் வைத்தியரிடம் காட்டினாள். பலரை நாடியும் அவளுக்கு விடை கிடைத்திருக்கவில்லை. குழந்தைகளிடம் வீசிய விநோதமான வாடையையும் அவள் குறிப்பிட்டாள். பொலிங் அவர்களின் சிறுநீரில் பெரிக்குக் குளோரைட்டைச் சேர்த்தார். அது பச்சை நிறமாயிற்று. பீனைல்கீற்றோனூரியா என்னும் பரம்பரை நோய் இவ்வாறு வெளிப்பட்டது.

நாம் உண்ணும் புரத உணவிலே பீனைல் அலனின் என்னும் அமினோ அமிலம் உண்டு. அதனைத் தைரோசினாக மாற்றுவது ஈரலிலுள்ள ஒரு நொதியம். பீனைல் அலனின் ஐதரொட்சிலேசு என்பது அதன் பெயர். மதகு அடைபட்டால் நீர் தேங்கிப் பயிரை அழுகச் செய்வதுபோல, இந்நொதியம் பழுதுற்றால் பீனைல் அலனின் இரத்தத்தில் தேங்கி, வளரும் மூளையைக் கெடுக்கின்றது.

1950-களில் உணவுக் கட்டுப்பாடும், 1960-களின் தொடக்கத்தில், பிறந்த குழந்தையின் குதிக்காலில் எடுக்கும் சில துளி இரத்தத்தால் நோயை அறியும் முறையும் வந்தன. எனினும், நொதியம் ஏன் பழுதுறுகின்றது என்பதை அறிய அந்நொதியமே கையில் இருத்தல் வேண்டும். ஆராய்ச்சிக்காக மனித ஈரலைப் பெறுவது எளிதா?

1980-களில் இந்நொதியத்துக்குரிய மரபணுவின் பிரதியை விஞ்ஞானிகள் பிரித்தெடுத்தனர். அதனைக் குடலில் வாழும் ஈ. கோலை என்னும் பற்றீரியாவினுள்ளே புகுத்தினால், அச்சிற்றுயிர் தன் புரதங்களோடு மனித நொதியத்தையும் ஆக்கித் தருகின்றது. அதனைத் தூய்மை செய்து, இரும்பு, ஒட்சிசன், தெத்திராஐதரோபயோத்தெரின் என்னும் துணைப்பொருள் ஆகியவற்றுடன் சேர்த்துச் சோதனைக் குழாயிலேயே அதன் தொழிலைக் காணலாம். நோயாளரிடம் காணப்படும் திரிபுகளை மரபணுவில் வேண்டுமென்றே உண்டாக்கி, நல்ல நொதியத்தையும் பழுதுற்றதையும் அருகருகே ஒப்பிடலாம்.

இவ்வொப்பீட்டினால் நாம் அறிந்த உண்மை முக்கியமானது. பல திரிபுகளில் நொதியம் தொழிலை முற்றாக இழப்பதில்லை. சரியாக மடியாது நிலைகுலைந்து விரைவில் அழிகின்றது. அவற்றுட் சில, துணைப்பொருள் மிகுதியாகக் கிடைத்தால் உறுதி பெறுகின்றன. அத்துணைப்பொருளே மருந்தாக 2007-ம் ஆண்டில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. எல்லா நோயாளருக்கும் அது பயன்படுவதில்லை; சிலருக்கு மட்டுமே உதவுகின்றது. உணவுக் கட்டுப்பாட்டின் தேவையும் நீங்கிவிடவில்லை.

1934-ல் அத்தாய் கேட்டறிந்த விடை, அவளுடைய குழந்தைகளின் இழப்பை மீட்டுக் கொடுக்கவில்லை. ஆயினும், அதன்பின் பிறந்த எத்தனையோ குழந்தைகள் பள்ளி சென்று, படித்து, மனிதராய் வாழ்வதற்கு அவளுடைய சலியாத கேள்வியே வித்தாயிற்று. மாணவர்களே, கேள்வி கேட்கத் தயங்காதீர்கள்!