பெருங்களவா

தாம்பரத்திலும் அதனை அடுத்த ராஜகீழ்ப்பாக்கம் போன்ற ஊர்களிலும் மீன் வாங்குவோர் களவா என்னும் மீனை நன்கு அறிவர். அங்குக் கடைக்கு வருவது ஒருவர் கையால் எளிதில் தூக்கத்தக்க மீன். ஆனால் அக்குடும்பத்திலேயே, ஏறத்தாழ 9 அடி நீளமும் 400 கிலோ எடையும் எய்தக்கூடிய மீன் ஒன்று உண்டு. பவளப் பாறைகளில் வாழும் எலும்பு மீன்களுள் இதனினும் பெரியது வேறில்லை. இதனைப் பெருங்களவா எனலாம்.

சென்னைக் கடற்கரை மணற்பாங்கானது. ஆதலின் பவளப் பாறைகளைக் காணத் தெற்கே மன்னார் வளைகுடாவிற்குச் செல்லுதல் வேண்டும். இராமேசுவரம் முதல் தூத்துக்குடி வரை அங்கு 21 தீவுகள் எண்ணப்பட்டுள்ளன. அவற்றைச் சூழ்ந்து கிடக்கும் பாறைகளை மக்கள் முருகைக்கல் என்பர். கடுகளவினவான சிற்றுயிர்கள் கடல்நீரிலுள்ள சுண்ணத்தைப் பிரித்துத் தம்மைச் சுற்றி அமைத்த கூடுகளே, எண்ணற்ற ஆண்டுகளில் பாறையாய் உயர்ந்தன. இத்துணைச் சிறிய உயிர் கட்டிய குகையிலன்றோ அத்துணைப் பெரிய மீன் குடியிருக்கின்றது!

பெருங்களவா இரையைத் துரத்தி நெடுந்தொலைவு ஓடுவதில்லை. குகைவாயிலில் அசையாது காத்திருக்கும். அதன் சாம்பல் கலந்த பழுப்பு நிறமும் புள்ளிகளும் பாறையோடு பாறையாய்த் தோன்றும். இரை அணுகியதும் தன் அகன்ற வாயைத் திடீரெனத் திறக்கும். நீர் உள்ளே பாய, இரையும் அதனோடு இழுக்கப்பட்டுவிடும். மெல்லும் வழக்கம் இல்லை; விழுங்குவதே வழக்கம். சிங்கி இறால், நண்டு, மீன் ஆகியவற்றோடு சிறு சுறாக்களையும் இது உண்ணும். இதன் குஞ்சோ மஞ்சள் உடலில் கருந்திட்டுகள் பெற்று, தாய்க்குச் சிறிதும் தொடர்பற்றதுபோல் காணப்படும்.

களவா இனங்களுள் பல, முதலிற் பெண்ணாயிருந்து முட்டையிட்டு, முதிர்ந்தபின் ஆணாக மாறும் இயல்பின. எனவே பெரியவற்றையே தேடிப் பிடித்தால், ஆண் மீன்கள் அருகிவிடும். மெல்ல வளரும் மீனாதலின் அவ்விடம் நிரம்பப் பல்லாண்டுகள் செல்லும்.

தூண்டிலினும் கொடியது வீட்டையே பெயர்ப்பது. சுண்ணாம்பிற்காகவும் கட்டடங்களுக்காகவும் முருகைக்கற்கள் நெடுங்காலம் வெட்டி எடுக்கப்பட்டன. அலையைத் தடுத்த அரண் போகவே, பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்னும் இரு தீவுகள் கடலுள் மூழ்கின. போதாக்குறைக்கு, 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் கடல்நீர் மிகச் சூடேறிப் பவளங்கள் வெளுத்தன, பல மடிந்தன.

இந்திய அரசு 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், 2001இல் பெருங்களவாவைச் சேர்த்தது. முருகைக்கற்களைக் கட்டும் பவள உயிர்களும் அவ்வாண்டிலேயே அப்பட்டியலில் இடம் பெற்றன. மீனுக்கும் அதன் வீட்டிற்கும் ஒருங்கே காவல் கிடைத்தது. தூத்துக்குடிக்கு அருகே தேய்ந்துவந்த வான் தீவைச் சுற்றி, 2015 முதல் துளைகள் கொண்ட சிமிட்டிக் கட்டைகள் கடலில் இறக்கப்பட்டன. அலையின் வேகம் தணிந்தது. அத்துளைகளிற் சிறுமீன்கள் குடிபுகுந்தன.