ஓராண்டு கழித்துத் தெரியும் விடை

பேருந்து நிறுத்தங்களிலும் கைப்பேசித் திரைகளிலும் முடி மாற்று அறுவை சிகிச்சைக்கான விளம்பரங்கள் பெருகிவிட்டன. இடப்புறம் வழுக்கைத் தலை, வலப்புறம் அடர்ந்த கேசம். கீழே "ஒரு கிராஃப்ட் இத்தனை ரூபாய்", "எளிய மாதத் தவணை" என்னும் வாசகங்கள். திருமண வயதில் நிற்கும் இளைஞர்கள் பலர் இதற்காகச் சில மாத ஊதியத்தைச் செலவிடுகிறார்கள்; கடனும் வாங்குகிறார்கள். அந்தச் செலவுக்கு உரிய பலன் கிடைத்ததா என்பதை எப்படி மதிப்பிடுவது? பொருளாதாரம் கற்பித்து ஓய்வுபெற்ற எனக்கு, இது மருத்துவத்துக்கு மட்டுமன்றிச் சந்தைக்கும் உரிய கேள்வியாகவே படுகிறது. (என்னிடம் படித்தவர்கள் இதைக் கண்டு சிரிக்கக்கூடும்; என் வழுக்கையோடு நான் சமாதானம் செய்துகொண்டு நெடுங்காலமாகிறது.)

பழைய கார்களின் சந்தையை முன்வைத்து 1970-இல் ஜார்ஜ் அகெர்லாஃப் எழுதிய கட்டுரை பொருளாதார மாணவர்கள் அனைவரும் அறிந்தது. விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாதபோது, நல்ல சரக்கும் மட்டமான சரக்கும் ஒரே விலைக்குப் போகும். நாளடைவில் நல்ல சரக்கு சந்தையை விட்டே விலகும் என்றார் அவர். அந்த ஆய்வுக்காக 2001-இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. பழைய காரையாவது ஒருமுறை ஓட்டிப் பார்த்து வாங்கலாம். முடி மாற்று சிகிச்சையில் பணம் முதல் நாளே கைமாறுகிறது. விடை தெரிய ஓராண்டு ஆகிறது.

இந்தத் தாமதத்துக்கு உடலியல் காரணம் உண்டு. பின்மண்டையிலிருந்து எடுக்கப்படும் முடி வேர், முன்தலையில் நடப்பட்ட பிறகும் தன் இயல்பை இழப்பதில்லை என்பதை நியூயார்க் மருத்துவர் நார்மன் ஓரன்ட்ரைக் 1950-களில் நிறுவினார். இன்றைய சிகிச்சை முழுவதும் அந்த அடித்தளத்தின்மீதுதான் நிற்கிறது. ஆனால், நடப்பட்ட முடி சில வாரங்களிலேயே பெரும்பாலும் உதிர்ந்துவிடும். வேர் மட்டும் உள்ளே உறங்கும். மூன்று, நான்கு மாதங்களில் மெல்லிய முடி தலைகாட்டும். முன்தலையின் முழுப் பலனைக் காண ஏறத்தாழ 12 மாதங்களும், உச்சந்தலைக்குச் சில வேளைகளில் 18 மாதங்கள் வரையிலும் ஆகும். எனவே, மூன்றாம் மாதத்தில் "ஏமாந்துவிட்டேன்" என்று மனம் உடைவது பொருந்தாது. அறுவை முடிந்த வாரத்திலேயே ஐந்து நட்சத்திரம் வழங்குவதும் அப்படித்தான். அவர்கள் மதிப்பிடுவது வரவேற்பறை உபசரிப்பை, முடியை அல்ல.

அடுத்தது, எண்ணிக்கை என்னும் மாயை. கிராஃப்ட் என்பது ஒற்றை முடி அன்று. இயற்கையாக ஒன்றுமுதல் நான்கு முடிகள்வரை சேர்ந்து வளரும் ஒரு கொத்து. ஒருவருக்கு 3,000 கிராஃப்ட் வைக்கப்படுகிறது. சராசரியாக ஒன்றில் 2.2 முடிகள் என்றால் அவருக்குக் கிடைப்பது 6,600 முடிகள். இன்னொருவருக்கும் அதே 3,000. ஆனால், சராசரி 1.5 என்றால் 4,500 முடிகள்தாம். இருவரும் செலுத்தும் கட்டணம் ஒன்றே. கொத்துக்கு விலை என்று நிர்ணயித்துவிட்டால், மூன்று முடிகள் உள்ள கொத்தைப் பிரித்து மூன்று கொத்துகளாகக் கணக்கெழுதும் ஆசையும் எழத்தானே செய்யும்? நெற்றியோரத்தில் ஒற்றை முடிகளை நடுவது தோற்றம் இயல்பாக அமையத் தேவையானது. அதைக் குறை கூற இயலாது. தலை முழுவதும் அப்படியென்றால் அது வேறு கணக்கு.

எண்ணிக்கையைப் பரப்பால் வகுத்தும் பார்க்க வேண்டும். 3,000 கொத்துகள் 60 சதுர சென்டிமீட்டரில் நடப்பட்டால் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 50. அதையே 120 சதுர சென்டிமீட்டருக்குப் பரப்பினால் 25. இயற்கை அடர்த்தியில் ஏறத்தாழப் பாதி இருந்தாலே பார்ப்பவர் கண்ணுக்கு நிறைவாகத் தெரியும் என்பதால், முழு அடர்த்தியை எதிர்பார்க்க வேண்டியதில்லை. முடியின் தடிமனும் முக்கியம். 60 மைக்ரான் முடிக்கும் 80 மைக்ரான் முடிக்கும் வேறுபாடு சிறிதாகத் தோன்றலாம். குறுக்குவெட்டுப் பரப்பில் பின்னது முன்னதைப்போல் ஏறத்தாழ 1.8 மடங்கு. சுருள்முடிக்காரர் குறைந்த எண்ணிக்கையிலேயே நிறைவான தோற்றம் பெறுவார். பக்கத்து வீட்டுக்காரரின் தலையைக் காட்டி "எனக்கும் இதுபோல" என்று கேட்பதில் பொருளில்லை.

விளம்பரப் படங்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். முதல் படம் ஈரத்தலையோடு, உச்சியில் விளக்கு எரிய எடுக்கப்பட்டிருக்கும்; அடுத்தது உலர்த்திச் சீவி, மென்மையான வெளிச்சத்தில். ஒரே வெளிச்சம், ஒரே கோணம், ஒரே முடி நீளம் என்னும் நிபந்தனைகள் இல்லாத ஒப்பீட்டுக்கு மதிப்பில்லை. நனைத்த தலையைச் சீப்பால் வகிர்ந்து காட்டும் படம் இருந்தால் அதை நம்பலாம். அதைவிட நுட்பமான சிக்கல் ஒன்று உண்டு. சிகிச்சை பெறுபவர் பெரும்பாலும் மினாக்ஸிடில், ஃபினாஸ்டிரைடு போன்ற மருந்துகளையும் சேர்த்தே எடுத்துக்கொள்கிறார். ஓராண்டில் தெரியும் அடர்த்தியில் கத்தியின் பங்கு எவ்வளவு, மருந்தின் பங்கு எவ்வளவு? மழையும் பெய்து, உரமும் இட்ட ஆண்டில் விளைச்சலுக்கு உரமே காரணம் என்று உரக்கடைக்காரர் சொன்னால் விவசாயி ஒப்புக்கொள்வாரா?

என் பார்வையில் மிக முக்கியமான சோதனை, யாரும் படம் எடுக்காத பின்மண்டையில்தான் இருக்கிறது. அங்கிருந்து எடுத்த வேர் மீண்டும் முளைப்பதில்லை. அது வட்டி தராத முதல். எடுக்க எடுக்கக் குறையும். அளவுக்கு மீறி எடுத்தால் அந்தப் பகுதி அந்துப்பூச்சி அரித்த கம்பளியாகத் தோன்றும். எடுக்கும்போதே அறுபட்டு வீணான வேர்களை எந்த ரசீதும் காட்டாது. 22 வயது இளைஞர் ஒருவர் நெற்றியைத் தாழ்வாக அமைத்துக்கொள்கிறார் என வைத்துக்கொள்வோம். அடுத்த பத்தாண்டுகளில் அதற்குப் பின்னால் உள்ள சொந்த முடி உதிர்ந்துகொண்டே போனால், நடப்பட்ட முடி மட்டும் தீவுபோல் முன்னே நிற்கும். இடைவெளியை நிரப்பப் பின்மண்டையில் கையிருப்பும் இருக்காது. ஓராண்டில் வெற்றி எனப்பட்ட சிகிச்சை பத்தாம் ஆண்டில் தோல்வியாவது இப்படித்தான். அவசரப்படும் இளைஞரைச் சில ஆண்டுகள் காத்திருக்கச் சொல்லித் திருப்பி அனுப்பும் மருத்துவர் அன்றைய வருமானத்தை இழக்கிறார். என் கணக்கில் அவரே நல்ல மருத்துவர்.

அரசு இதில் முழுவதும் ஒதுங்கி நிற்கவில்லை. தோல் மருத்துவத்திலோ பிளாஸ்டிக் அறுவை சிகிச்சையிலோ முறையான பயிற்சி பெற்றவர்களே இதைச் செய்ய வேண்டும் என்றும், யூடியூப் பார்த்துக் கற்றுக்கொள்வது பயிற்சியாகாது என்றும் தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் கூறியது. மருத்துவ சேவைகளுக்குள்ள சரக்கு-சேவை வரி விலக்கு, தோற்றத்துக்காகச் செய்யப்படும் முடி மாற்று சிகிச்சைக்கு இல்லை. வரி வாங்கும் அரசு, எத்தனை கொத்துகள், ஒவ்வொன்றிலும் எத்தனை முடிகள், எத்தனை சதுர சென்டிமீட்டர், அறுவை செய்தவர் யார் என்பவற்றை ரசீதிலேயே எழுத வேண்டும் எனக் கட்டாயமாக்கலாம். தரத்தைக் கண்ணால் காண முடியாத சந்தையில் இத்தகைய ஏடுகளே வாங்குபவருக்குத் துணை.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி, வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் புகார் அளிக்க வேண்டும். பலன் தெரியவே 12 முதல் 18 மாதங்கள் ஆகும் ஒரு சேவையில், அந்த நாள் எது என்பதே வாதத்துக்கு உரியதாகிவிடும். ஆகவே, சிகிச்சைக்குச் செல்வோர் அன்றே ரசீதையும் ஒப்புதல் படிவத்தின் நகலையும் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். வீட்டில் ஒரே சன்னலருகே, ஒரே நேரத்தில், தலையை நனைத்து மாதம் ஒரு படம் எடுத்துவர வேண்டும். அவற்றுள் பின்மண்டையின் படமும் ஒன்றாக இருக்கட்டும்.