வயிற்றுக்குள் ஒரு பட்டி!

குட்டீஸ்... காங்கேயம் காளையைப் பார்த்திருக்கிறீர்களா? திருப்பூர் மாவட்டத்தில், காங்கேயம், தாராபுரம் பக்கம் போனால், கிளுவை வேலி போட்ட கொரங்காடுகளில் கம்பீரமாக மேய்ந்து கொண்டிருக்கும். அதன் திமிலைப் பார்த்தாலே, கிட்டே போக பயமாக இருக்கும். ஆனால், அது பெரும்பாலும் சாப்பிடுவது என்ன தெரியுமா? கொழுக்கட்டைப்புல்லும், காய்ந்த சோளத்தட்டும்தான்!

அதே புல்லை நீங்கள் ஒரு மாதம் சாப்பிட்டால், எலும்பும் தோலுமாகி விடுவீர்கள். அப்படியானால், காளைக்கு மட்டும் அவ்வளவு பலம் எங்கிருந்து வருகிறது?

விடை, அதன் வயிற்றுக்குள் இருக்கிறது. மாட்டின் வயிற்றில் நான்கு அறைகள் உண்டு. முதல் அறை, பெரிய தொட்டி போன்றது. அதில், கணக்கில்லாத பாக்டீரியாக்களும், வேறு நுண்ணுயிர்களும் வாழ்கின்றன. புல்லில் உள்ள நாரை மாட்டின் உடலால் செரிக்க முடியாது. இந்த நுண்ணுயிர்கள்தான் அதைப் புளிக்க வைத்து, சக்தி தரும் அமிலங்களாக மாற்றிக் கொடுக்கின்றன. விவசாயி மாட்டை வளர்க்கிறார். மாடு பாக்டீரியாவை வளர்க்கிறது!

உங்களுக்குள்ளும் உண்டு!

உங்கள் பெருங்குடலிலும் இப்படி ஒரு பட்டி இருக்கிறது. ஒரு பெரியவர் உடலில் சுமார் 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள் இருப்பதாக, 2016ல் விஞ்ஞானிகள் கணக்கிட்டனர். பெரும்பாலானவை பெருங்குடலில்தான் வாழ்கின்றன. இத்தனையையும் தராசில் வைத்தால், சுமார் 200 கிராம்தான் இருக்கும். அவ்வளவு சின்ன உயிர்கள்!

நாம் பிறக்கும்போதே, அம்மாவிடமிருந்து இவை நம்மிடம் வந்து ஒட்டிக் கொள்ளத் துவங்குகின்றன. பிறகு தாய்ப்பால், மண், உணவு, வீட்டில் உள்ளவர்கள் என, பல வழிகளில் புதுப்புது வகைகள் வந்து சேர்கின்றன. நாம் செரிக்க முடியாத நார்ச்சத்தைத் தின்று, உடலுக்கு உதவும் அமிலங்களைத் தருகின்றன. வைட்டமின் கே போன்றவற்றையும் தயாரிக்கின்றன.

குண்டு எலி, ஒல்லி எலி!

ஒரே வீட்டில், ஒரே சோற்றைத்தான் சாப்பிடுகின்றனர். ஆனால், பெரியப்பா குண்டாக இருக்கிறார். சித்தப்பா ஒல்லியாக இருக்கிறார். ஏன்? இதற்கும், குடல் பாக்டீரியாவுக்கும் தொடர்பு உண்டா?

அமெரிக்காவில், செயின்ட் லூயிஸ் நகரில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில், ஜெஃப்ரி கார்டன் என்ற விஞ்ஞானியின் குழு இதை ஆராய்ந்தது. அவர்களிடம் விசேஷமான எலிகள் இருந்தன. காற்றைக் கூட வடிகட்டி விடும் கூண்டில் வளர்ந்ததால், அவற்றின் உடலில் ஒரு பாக்டீரியா கூடக் கிடையாது.

குண்டு எலியின் குடல் பாக்டீரியாவைச் சில எலிகளுக்கும், ஒல்லி எலியின் பாக்டீரியாவைச் சில எலிகளுக்கும் கொடுத்தனர். இரண்டுக்கும் ஒரே தீனி. இரண்டே வாரம்தான்... ஒல்லி எலியின் பாக்டீரியா கிடைத்தவற்றுக்கு, உடல் கொழுப்பு 27 சதவீதம் கூடியது. குண்டு எலியின் பாக்டீரியா கிடைத்தவற்றுக்கோ, 47 சதவீதம் கூடியது! இது, 2006ல் வெளியான ஆய்வு.

அடுத்து, 2013ல் இன்னொரு ஆய்வு வெளியானது. பெண் இரட்டையர்கள் நான்கு ஜோடியைத் தேர்ந்தெடுத்தனர். ஒவ்வொரு ஜோடியிலும் ஒருவர் குண்டு, மற்றவர் ஒல்லி. அவர்களுடைய குடல் பாக்டீரியாவை எலிகளுக்குக் கொடுத்தனர். குண்டானவருடைய பாக்டீரியா கிடைத்த எலிக்குத்தான் கொழுப்பு அதிகம் ஏறியது.

பிறகு, இரு வகை எலிகளையும் ஒரே கூண்டில் விட்டனர். எலிகளுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. ஒன்றின் புழுக்கையை மற்றொன்று தின்னும். (முகம் சுளிக்காதீர்கள், விஞ்ஞானிகளுக்கு அதுதான் தேவைப்பட்டது!) இதனால், ஒல்லியானவருடைய பாக்டீரியா, அடுத்த எலியின் குடலிலும் குடியேறியது. அந்த எலிக்கு கொழுப்பு ஏறுவது தடுக்கப்பட்டது.

இங்கேதான் முக்கியமான விஷயம். கொழுப்பு குறைந்து, காய், பழங்களின் நார்ச்சத்து நிறைந்த தீனி கொடுத்தபோதுதான், இது நடந்தது. கொழுப்பு மிகுந்து, நார்ச்சத்து குறைந்த தீனியைக் கொடுத்தபோது, நல்ல பாக்டீரியாவால் குடியேறவே முடியவில்லை. பட்டியில் நல்ல ஆட்டை விட்டால் மட்டும் போதுமா? தீவனமும் நன்றாக இருக்க வேண்டுமே!

அவசரப்படாதீங்க!

"ஓஹோ... ஒல்லியானவரின் பாக்டீரியாவை வாங்கிப் போட்டால் இளைத்து விடலாமே!" என்கிறீர்களா? மனிதர்களிடமும் அதை முயன்று பார்த்தனர். ஒல்லியானவர்களின் குடல் பாக்டீரியாவை மாத்திரைக்குள் வைத்து, எடை அதிகமுள்ள பெரியவர்களுக்குக் கொடுத்தனர். ஆனால், அவர்கள் எடை குறிப்பிடும்படி குறையவில்லை. எலி வேறு, மனிதர் வேறு.

நம் எடையை, பரம்பரை, உணவு, தூக்கம், உழைப்பு, சில நோய்கள், சாப்பிடும் மருந்துகள் என, பல சேர்ந்து தீர்மானிக்கின்றன. குடல் பாக்டீரியா, அதில் ஒன்று மட்டுமே. ஆகவே, "பத்தே நாளில் இளைக்கலாம்" என்று யாராவது பொடி விற்றால், வீட்டில் உள்ளவர்களிடம், "முதலில் டாக்டரைக் கேளுங்கள்" என்று சொல்லுங்கள்.

இன்னொன்றும் உண்டு. வகுப்பில் யாரையாவது, "குண்டு பூசணி" என்று கூப்பிடுகிறீர்களா? குண்டாக இருப்பவர் எல்லாரும் தின்றே குண்டானவர் அல்லர். கண்ணுக்குத் தெரியாத எத்தனையோ காரணங்கள் இருக்கும்போது, ஒருவரது உடம்பைக் கேலி செய்வது நியாயமா? யோசியுங்கள்!

வேலூர் சொன்ன செய்தி!

குடல் பாக்டீரியாவுக்குத் தீனி போட்டு, நோயாளிகளுக்கு உதவியவர்கள், நம் தமிழகத்திலேயே இருக்கின்றனர். காலரா வந்தால், பேதியாகி உடலில் உள்ள தண்ணீரெல்லாம் வெளியேறி விடும். அதற்கு, உப்பு - சர்க்கரைக் கரைசல் கொடுப்பர்.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில், டாக்டர் ராமகிருஷ்ணா தலைமையிலான குழு, அந்தக் கரைசலில், எளிதில் செரிக்காத ஒரு வகை மக்காச்சோள மாவுச்சத்தைச் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தது. அது நேராகப் பெருங்குடலுக்குப் போனது. பாக்டீரியாக்கள் அதைத் தின்று அமிலங்களை உண்டாக்க, குடல் தண்ணீரை அதிகமாக உறிஞ்சியது. பேதி சீக்கிரம் குறைந்தது. இந்த ஆய்வு, 2000ல் வெளியானது.

பட்டிக்கு என்ன தீனி?

கொங்கு நாட்டுச் சமையலறையே போதும். கம்மஞ்சோறு, ராகிக்களி, கொள்ளுப்பருப்பு, பச்சைப்பயறு, கீரை, அவரைக்காய், கொய்யா... எல்லாவற்றிலும் நார்ச்சத்து உண்டு. சோறு ஆறும்போது, அதில் எளிதில் செரிக்காத மாவுச்சத்து சற்றுக் கூடுகிறது. அப்பத்தாவும், அமுச்சியும் பழைய சோறு சாப்பிட்டபோது, குடல் பாக்டீரியாவுக்கும் ஒரு பங்கு போயிருக்கிறது!

கம்பு, ராகி, தினை ரகங்களில், 'கோ' என்று துவங்கும் பெயர்களைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 'கோ' என்றால் கோயம்புத்தூர். அங்குள்ள வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் உருவான ரகங்கள் அவை.

ஆன்டிபயாடிக் மாத்திரைகள், கெட்ட கிருமியோடு நல்ல பாக்டீரியாவையும் கொன்று விடும். டாக்டர் எழுதிக் கொடுத்தால், சொன்ன நாள் வரை சாப்பிடுங்கள். நீங்களாகக் கடையில் வாங்கிச் சாப்பிடக் கூடாது.

செய்து பாருங்க!

காய்ச்சி, வெதுவெதுப்பாக ஆறிய பாலை, இரண்டு டம்ளர்களில் ஊற்றுங்கள். இரண்டிலும் ஒரு ஸ்பூன் தயிரை உறை ஊற்றுங்கள். ஒன்றை அடுப்படியில் வையுங்கள். மற்றதை பிரிட்ஜில் வையுங்கள். காலையில், எது தயிராகி இருக்கிறது? ஏன்? பாக்டீரியா வேலை செய்ய, பால் மட்டும் போதுமா, சூடும் வேண்டுமா? விடையைக் கண்டுபிடித்து, நோட்டில் எழுதி, அறிவியல் ஆசிரியரிடம் காட்டுங்கள் குட்டீஸ்!