மேளக்காரரும் தொழிலாளரே!

நாகசுரம், தவில், ஒத்து, தாளம் நான்கும் சேர்ந்ததே நம் கோயில்களின் இசைக்குழுவாகிய பெரிய மேளம். அன்று இக்கலைஞர்க்கு ஊழிய மானிய நிலமே ஊதியம். குறவஞ்சி பாடிய திரிகூட ராசப்பக் கவிராயரும் மதுரை நாயக்க மன்னரிடம் நிலமே பரிசாகப் பெற்றார். குற்றாலத்தருகே அது 'குறவஞ்சி மேடு' எனப்பட்டது.

1963-ஆம் ஆண்டுச் சிறு இனாம் ஒழிப்புச் சட்டம் இம்முறையை மாற்றியது. ஆயினும் அதில் ஒரு காப்பு இருந்தது. ஊழியக்காரர் நிலத்தை வைத்துக்கொண்டு பணியைத் தொடரலாம். அல்லது கோயிலுக்குக் குறித்த தொகையைச் செலுத்திப் பணியினின்றும் விடுபடலாம். தேர்வு அவருடையது.

இன்றோ பல கோயில்களில் பூசை வேளையில் மின்சார முரசு ஒலிக்கிறது. ஒத்துக்குப் பதில் சுருதிப் பெட்டி வந்துவிட்டது. இயந்திரத்துக்குப் பசியில்லை, ஆகவே அது ஊதியம் கேட்பதில்லை. இங்கே கலைஞரின் விருப்பத்தைக் கேட்பார் யார்?

தொழிலாளர் அனைவர்க்கும் வாழ்வதற்கேற்ற ஊதியம் கிடைக்க அரசு முயல வேண்டும் என்கிறது அரசியல் சட்டத்தின் 43-ஆம் பிரிவு. மேளக்காரரும் தொழிலாளரே. சீர்திருத்தம் வேண்டியதுதான். ஆனால் ஊதிய முறை மாறும்போது உரிமையும் உடன்வர வேண்டும். ஒருவர் ஓய்வுபெற்ற இடத்தில் இன்னொரு கலைஞர் அமர வேண்டும். ஆள் இல்லாத மேளம் வெறும் ஓசைதானே, நண்பர்களே!