பற்றரி செத்ததா, பட்டினியா?

கந்தப்பளைக்கு அருகே, மண்சரிவு அபாயத்தால் காணியை விட்டு இறங்கிய மூன்று குடும்பத்தார் சேர்ந்து ஒரு பழைய டீசல் வேனை வாங்கினார்கள். பகலில் அதில் லீக்ஸும் கரட்டும் போகும். இரவில் யாருக்காவது சுகமில்லையென்றால் நுவரெலியா ஆஸ்பத்திரிக்கும் அதே வேன்தான். ஒன்றரை வருடத்துக்குள் இரண்டு புதுப் பற்றரி வாங்கியாயிற்று. மூன்றாவதுக்கும் பணம் சேர்த்துக்கொண்டிருந்த ஒரு மாசி மாத அதிகாலையில், பிரசவ வலி கண்ட ஒரு தங்கச்சியை ஏற்றிவிட்டுச் சாவியைத் திருப்பினால் 'டக்' என்ற சத்தத்தோடு சரி. நாங்களும் அங்கே நின்றோம். லயத்து இளைஞர்கள் ஏழெட்டுப் பேர் தள்ள, இறக்கத்தில் கியரைப் போட்டு ஸ்டார்ட் செய்தோம். தாயும் பிள்ளையும் சுகம். வேன் சமதரையில் நின்றிருந்தால் என்னவாகியிருக்கும் என்ற நினைப்பு மட்டும் எங்களை விடவில்லை.

அடுத்த நாள் பாஸ் ஒருவரைக் கூட்டிவந்தோம். அவர் முதலில் பற்றரியைத் தொடவே இல்லை. ஓல்டர்நேட்டரைச் சுற்றும் பெல்ட்டை விரலால் அமுக்கிப் பார்த்தார். அது பழைய செருப்பு வார் போலத் தொய்ந்து, உட்புறம் கண்ணாடிபோல வழுவழுவென்றிருந்தது. குற்றம் பெல்ட்டில், தண்டனை இரண்டு பற்றரிகளுக்கு.

இதில் ஏமாறுவது மிக இலேசு. கடையில் புதுப் பற்றரியைச் சார்ஜ் ஏற்றித்தான் தருவார்கள். பூட்டிய அன்றே வண்டி சிங்கம்போல ஸ்டார்ட் ஆகும். பழைய பற்றரிதான் குற்றவாளி என்று நாமும் நம்பிவிடுகிறோம். உண்மையில் கடைக்காரர் ஏற்றித் தந்ததைத் தின்றுகொண்டுதான் வண்டி ஓடுகிறது. அது தீர்ந்ததும் பழைய கதை. ஒரு பற்றரியின் விலை ஒரு மாதக் கொழுந்துச் சம்பளத்தில் பெரும்பகுதியை விழுங்கிவிடும் என்பதை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

பற்றரி என்பது தண்ணீர்த் தாங்கி. ஓல்டர்நேட்டர் அதை நிரப்பும் பீலி. ஓல்டர்நேட்டர் எப்படி வேலை செய்கிறது என்று 1990களின் முற்பகுதியில் யாழ்ப்பாணத்தில் இருந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மின்சாரமும் பற்றரியும் இல்லாத அந்த நாட்களில், சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டவர்கள் அவர்கள். சுற்றினால் மின்சாரம், நிறுத்தினால் இல்லை. என்ஜினின் பெல்ட் வழுக்கினாலும் அதே கதிதான்.

ஆகவே, கடைக்குப் போகுமுன் ஒரு சாதாரண மீற்றரை வாங்கியோ இரவல் எடுத்தோ மூன்று முறை அளந்து பாருங்கள். மீற்றரின் முள்ளை டீசி 20 வோல்ற்றில் வையுங்கள். முதலாவது அளவு, வண்டி இரவு முழுதும் நின்றபின் சாவி போடுமுன். 12.6 வோல்ற் அளவில் இருந்தால் பற்றரி நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் ஏறக்குறையப் பாதி. 12க்குக் கீழே என்றால் பட்டினி. இரண்டாவது, ஸ்டார்ட் செய்யும் அந்த நொடியில். நிறைந்த பற்றரியே 9.6க்குக் கீழே விழுந்தால்தான் அதன்மேல் சந்தேகப்பட வேண்டும். பட்டினியில் இருப்பதைச் சார்ஜ் ஏற்றியபிறகே சோதியுங்கள். மூன்றாவது, என்ஜின் ஓடும்போது. அப்போது பெரும்பாலும் 13.8 முதல் 14.5 வரை காட்ட வேண்டும். பெரிய லைட்டையும் வைப்பரையும் போட்டு, என்ஜினைச் சற்றே விரைவாக ஓடவிட்டும் 13க்கு மேலே ஏறாவிட்டால் தாங்கி நல்லது, பீலிதான் அடைபட்டிருக்கிறது. 15ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் பழுது. பற்றரித் தண்ணீர் கொதித்து வற்றும், கூழ்முட்டை நாற்றம் வரும்.

மூன்றாவது அளவு குறைந்தால் உடனே ஓல்டர்நேட்டரைக் கழற்ற வேண்டாம். பெல்ட்டைப் பாருங்கள். பற்றரி முனைகளில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால், அப்பச்சோடா கரைத்த வெந்நீரால் கழுவித் துடைத்து இறுக்குங்கள். அந்த நீர் மூடிக்குள் இறங்கக் கூடாது. என்ஜினிலிருந்து பொடிக்குப் போகும் எர்த் வயரையும் மறக்காதீர்கள். சாவியைத் திருப்பியதும் சிவப்பு பற்றரி லைட் எரிந்து, என்ஜின் ஓடியதும் அணைய வேண்டும். தொடக்கத்திலேயே எரியாவிட்டால் பல வண்டிகளில் சார்ஜ் தொடங்காது; குற்றம் ஒரு சின்ன பல்பில் இருக்கலாம்.

மாலையில் நன்றாயிருந்து காலையில் இறங்கியிருக்கிறதா? ஓர் இரவு பற்றரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றி வைத்துப் பாருங்கள். அப்போது இறங்காவிட்டால் வயரிங்கில் எங்கோ மின்சாரம் கசிகிறது.

ஒன்றை மட்டும் செய்யவே கூடாது. என்ஜின் ஓடும்போது பற்றரி வயரைக் கழற்றி 'ஓல்டர்நேட்டர் வேலை செய்கிறதா' என்று பார்ப்பது பல கராஜ்களில் இன்னும் உண்டு. பழைய டைனமோ வண்டிக்கு அது ஒத்துவந்திருக்கலாம். ஓல்டர்நேட்டரில் அது டயோடுகளையும் ரெகுலேட்டரையும் எரித்துவிடும்.

மலைநாட்டில் பற்றரிக்குக் கூடுதல் சோதனை. நுவரெலியா ஏறக்குறைய 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. தை, மாசியில் புல்லில் உறைபனி படியும். அந்தக் குளிரில் பற்றரியின் தள்ளும் பலம் மூன்றில் ஒரு பங்கு வரை குறையும். அதே நேரம் என்ஜின் எண்ணெய் தடித்து, சுற்றுவதற்கு அதிகப் பலம் கேட்கும். தம்புள்ளைச் சந்தைக்கு நள்ளிரவில் கிளம்பும் லொறி, பனிமூட்டத்தில் லைட்டும் வைப்பரும் போட்டு மெதுவாக ஊர்கிறது. என்ஜின் மெதுவாகச் சுற்றினால் வரவு குறைவு. செலவோ முழுதாக நடக்கிறது. கரண்ட் இல்லாத இரவில் வண்டிப் பற்றரியைக் கழற்றி டீவி பார்க்கும் பழக்கம் லயங்களில் ஒரு காலத்தில் இருந்தது. இன்னும் யாராவது செய்தால் விட்டுவிடுங்கள். வண்டிப் பற்றரி ஒரு நொடி உதைக்கச் செய்யப்பட்டது. அடிவரை வற்றவிட்டால் தகடுகள் கெட்டுப்போகும்.

முச்சக்கர வண்டிகளில் பலவற்றில் இந்தப் பெல்ட்டே இல்லை. காந்தச் சுருளும் ரெகுலேட்டரும்தான். மீற்றர் காட்டும் கணக்கு ஏறக்குறைய அதுவே.

பற்றரிக்குள் ஊற்ற வடித்த நீர் மட்டும். பீலித் தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் ஆகாது. உள்ளே நீர் இருக்கிறதா என்று குப்பி விளக்கைப் பிடித்துப் பார்க்காதீர்கள். சார்ஜ் ஏறும்போது வெளிவரும் ஐதரசன் வெடிக்கும்.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025இல்தான் மீண்டும் திறந்தது. ஆகவே நம்மிடம் உள்ள கிழட்டு வண்டிகள் இன்னும் பல வருடம் ஓட வேண்டியிருக்கிறது.

கந்தப்பளை வேனுக்குப் பெல்ட் மாற்றியதும் மீற்றர் 14.1 காட்டியது. இரண்டாவது பற்றரியை இரவு முழுதும் மெதுவாகச் சார்ஜ் ஏற்றியபோது அது தேறிவிட்டது. முதலாவதைத்தான் ஏற்கெனவே பழைய ஈய விலைக்குக் கொடுத்திருந்தார்கள். மூன்றாவதுக்குச் சேர்த்த பணத்தில் ஒரு மீற்றர் வாங்கி, மீதியில் பின் டயர்களை மாற்றினார்கள்.