வேற்றுக் கிரகம் போன வாணி

ராக்கெட்டைப் பற்றி விருதுநகர், சாத்தூர், சிவகாசிப் பக்கத்துச் சகோதரிகளுக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. மருந்து கெட்டியாக இருக்க வேண்டும். வால்குச்சி நேராக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வானத்துக்குப் போக வேண்டியது அடுத்த வீட்டு மாடிக்குள் புகுந்துவிடும்! இப்படிக் கைதேர்ந்த கண்களுக்கு, 1963 ஏப்ரலில் வெளிவந்த ‘கலை அரசி’ இன்று எப்படித் தோன்றும்?

எம்.ஜி.ஆர்., பானுமதி, நம்பியார் நடித்து, ஏ. காசிலிங்கம் இயக்கிய படம் அது. விஞ்ஞானத்தில் நம்மைவிட முன்னேறிய ஒரு கிரகம். ஆனால் அங்கே பாட்டும் இல்லை, ஆட்டமும் இல்லை. ஆகையால் பூமியிலிருந்து ஒரு பாடகியைத் தூக்கி வரப் புறப்படுகிறார் நம்பியார். அகப்படுகிறவள் வாணி. காதலன் மோகன் அவளைத் தேடி அந்தக் கிரகத்துக்கே போகிறான்.

பறக்கும் தட்டைக் கண்டதும் உங்கள் வீட்டுப் பிள்ளைகள் சிரித்துவிடுவார்கள். சிரிக்கட்டும். கிரகவாசிகள் நம்மைவிட நல்ல தமிழ் பேசுகிறார்களே, அதற்கும் சிரிக்கலாம். ஆனால் ஒன்று. தும்பாவிலிருந்து நம் நாட்டின் முதல் ராக்கெட் கிளம்பியது அதே ஆண்டு நவம்பர் 21ஆம் தேதி. ராக்கெட் எழும்புவதற்கு ஏழு மாதம் முன்பே நம் சினிமாக்காரர்கள் வேற்றுக் கிரகம் போய்த் திரும்பிவிட்டார்கள்! விருதுநகர்க்காரரான காமராஜ் முதலமைச்சராக இருந்த காலம் அது.

அட்டைத் தட்டு பழசாகிவிட்டது, கற்பனை பழசாகவில்லை. எல்லா வசதியும் இருந்தும் பாடத் தெரியாமல் ஏங்குகிற உலகம் என்பது எவ்வளவு அழகான எண்ணம்! அந்நியர்கள் வந்தால் பொன்னையோ மண்ணையோ பிடுங்குவார்கள் என்றுதான் மற்றப் படங்கள் சொல்லும். இவர்கள் சங்கீதத்துக்காக வருகிறார்கள்.

எனக்கு உறுத்துவது வேறு. “வருகிறாயா?” என்று வாணியை ஒருவரும் கேட்கவில்லை. தூக்கிப் போகிறார்கள், பிறகு ஒருவன் மீட்டு வருகிறான். இந்த வேடத்தில் யார்? 1953லேயே ‘சண்டிராணி’யை மூன்று மொழிகளில் இயக்கிக் காட்டிய பானுமதி! படப்பிடிப்பில் அவரிடம் இப்படி ஒருவர் நடந்திருக்க முடியுமா, சொல்லுங்கள்.

படம் வந்து இரண்டே மாதத்தில், ஜூன் 16ஆம் தேதி, வாலண்டினா தெரஷ்கோவா விண்வெளிக்குப் போனார். நூற்பாலையில் வேலை பார்த்தவர், பாராசூட்டில் குதிக்கப் பழகியவர், வயது 26. பூமியை 48 முறை சுற்றினார். அவரை யாரும் தூக்கிப் போகவில்லை. தாமே போனார், தாமே திரும்பினார். விடியற்காலையில் சோற்றுத் தூக்குடன் தீப்பெட்டி ஆலைக்கும் பட்டாசு ஆலைக்கும் கிளம்புகிற நம் பெண்களுக்கு, வாணியைவிட இந்த ஆலைத் தொழிலாளிதான் நெருங்கிய உறவாகத் தோன்றுவாள்.

ஆனாலும் படத்தைப் பாருங்கள். வாணியாகவும், அவளைப் போலவே இருக்கும் சித்தம் கலங்கிய வள்ளியாகவும் பானுமதி இரட்டை வேடத்தில் வருகிறார். ஒரே முகம்; ஆனால் வள்ளி நிமிர்ந்து பார்த்தால் இது வேறு பெண் என்று உடனே தெரிகிறது. அதற்கு எந்தத் தந்திரக் காட்சியும் தேவைப்படவில்லை. அவர் பாட்டு அவருடைய சொந்தக் குரல், கே.வி. மகாதேவன் இசை. அவசரமிருந்தால் சண்டைகளை ஓட்டிவிடுங்கள். பானுமதி வாயைத் திறக்கும்போது மட்டும் அடுப்பைக் கொஞ்சம் தணித்துவிட்டு வந்து உட்காருங்கள்.