பாரிசவாயுவும் பாதரக்ஷையும்

பாரிசவாயு கண்டவர் எழுந்து நடக்க உதவும் பாதரக்ஷையைப் பற்றித் தினசரிப் பத்திரிகையில் எழுதுவானேன் என்று நேயர்களிற் சிலர் கேட்கக்கூடும். சம்பாதித்து வந்த மனிதர் மீண்டும் வாசற்படி தாண்டி வேலைக்குச் செல்வதா, திண்ணையிலேயே காலந் தள்ளுவதா என்பது குடும்பத்தின் ஜீவனப் பிரச்னை. ஆதலின் எழுதுகிறோம்.

மூளைக்குச் செல்லும் இரத்தம் அடைபட்டோ, குழாய் வெடித்தோ உடலின் ஒரு பக்கம் செயலற்றுப் போகையில், பலருக்குப் பாதத்தை மேலே தூக்கும் தசைகள் வலுவிழக்கின்றன. கால் விரல்கள் தரையில் உரசுகின்றன. அதைத் தவிர்க்கவே காலை அரைவட்டமாக வீசி வைக்கிறார்கள். சிறு மேடு தடுக்கினாலும் விழுகிறார்கள். இதற்கு மேல்நாட்டார் கண்ட பரிகாரம், கெண்டைக்காலின் பின்புறமிருந்து உள்ளங்கால் வரை வளைந்து வரும் பிளாஸ்டிக் தகடு. அது பாதத்தைத் தொங்கவிடாமல் தாங்குகிறது. 1961-ல் அமெரிக்காவில் லிபர்ஸன் என்ற வைத்தியர் வேறொரு யுக்தியை வெளியிட்டார். பாதரக்ஷையின் குதிகாலில் ஒரு ஸ்விட்ச். குதிகால் தரையை விட்டெழுந்ததும் முழங்காலருகிலுள்ள நரம்பை மின்சாரம் தூண்டும், பாதம் நிமிரும். வெகு அழகிய யோசனை!

ஆனால் தகடு பூட்ஸை நம்பியது. நம் ஜனங்களோ வீட்டிலும் கோயிலிலும் வெறுங்காலுடன் நடப்பவர்கள். வெளியே செருப்பு அணிபவர்கள். உணர்ச்சி குன்றிய பாதத்திலிருந்து செருப்பு நழுவுவதுகூடத் தெரிவதில்லை. வெறுந்தரையில் தகடும் வழுக்குகிறது. விலை கொடுத்து வாங்கிய தகடு பரணுக்குப் போவதில் வியப்பென்ன?

1968-ல் ஜயப்பூரில் டாக்டர் சேத்தியும் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும், வெறுங்காலுடன் நடக்கவும் குந்தி உட்காரவும் ஏற்ற ரப்பர்க் காலைச் செய்து காட்டினர். அது காலை இழந்தவர்களுக்கு. கால் இருந்தும் வலுவிழந்தவர்களுக்கும் அவ்வித சுதேச புத்தி வேண்டுமென்கிறோம். குதிகாலைச் சுற்றிய வார், ஒரு கையாலேயே மாட்டத்தக்க பட்டை, வழுக்காத ரப்பர் அடி, இவை நம் தொழிலாளர்களுக்கு எட்டாத வித்தையல்ல. எனினும் துவண்ட கால் வேறு, விறைத்த கால் வேறு. இறுக்கிய வார் உணர்வற்ற தோலைப் புண்ணாக்கிவிடும். ஆகவே வைத்தியர் பாராமல் எவரும் அணியலாகாது.

1972-ல் கான்பூரில் செயற்கை அவயவத் தொழிற்சாலை ஸ்தாபிதமாயிற்று. 1981-லேயே மத்திய சர்க்காரின் சாதன உதவித் திட்டமும் பிறந்தது. அதைப் பெற 40 சதவீத ஊனமென்ற அத்தாட்சி வேண்டும். நடை பெரிதும் தேறுவதோ முதற் சில மாதங்களில்! அம்மாதங்களைக் கச்சேரி வாசலில் கழிக்கச் செய்வது நியாயமா? நோயாளி ஜில்லா ஆஸ்பத்திரியை விட்டுப் புறப்படும் முன்பே பாதத்தை அளந்து, ஏற்ற பாதரக்ஷையைக் கொடுத்தனுப்புமாறு சர்க்காரை வற்புறுத்துகிறோம். அத்தாட்சி பின்னால் வரட்டும்.